கோழிக்குப் போட்ட மருந்து வண்டல்

கோழித் தீவன மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மக்காச்சோளத்தைத் தள்ளி வைத்துவிட்டால், கோழிக்கென்றே விளைந்தது அதில் ரொம்பக் கம்மி. அரிசி ஆலையில் மிஞ்சின தவிடு, குருணை. எண்ணெய் ஆட்டினதில் மிஞ்சின புண்ணாக்கு. மனுஷன் சாப்பிட லாயக்கில்லாத பொடி மீனைக் காயவைத்து அரைத்த கருவாட்டுத் தூள். இறைச்சிக்கூடத்து எலும்புத் தூள். யாருக்கோ எதையோ தயாரித்தபோது மீந்துபோனதெல்லாம் கடைசியில் கோழி வாய்க்கு வந்து சேர்கிறது. நாமக்கல் பக்கத்தில் ஒரு தீவன ஆலைக்குள் அரைமணி நேரம் நின்றால் இதெல்லாம் கலந்த ஒரு வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

"கோழித் தீவனத்துக்கெல்லாம் ஒரு வரலாறா, வேற வேலை இல்லையா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கு சாமி, இருக்கு. நான் சொல்ல வந்தது அரிசி ஆலைக் கழிவையோ செக்குக் கழிவையோ பற்றியல்ல. ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கழிவைப் பற்றி. ஆன்டிபயாடிக் எப்படிக் கோழித் தீவனத்துக்குள் வந்தது என்று கேட்டால், பேராசை பிடித்த பண்ணைக்காரன் மருந்தை வாங்கிக் கொட்டினான் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடந்தது அப்படியில்லை. அது மருந்தாக உள்ளே வரவில்லை. தவிடு வந்த வழியிலேயே, மிச்சம் மீதியாக வந்தது.

கதை புரிய கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்திச் சுருளைச் சுத்திவிடுங்க.

1890 வாக்கில், இப்போது ஜகார்த்தா என்று சொல்லப்படும் பத்தேவியாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு ராணுவ டாக்டர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடி, பெரிபெரி மாதிரியே ஒரு நோய் வந்தது. சில மாதங்களில் தானாகவே சரியாகியும் போனது. விசாரித்தால் விஷயம் சமையல்கட்டில் இருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சின தீட்டின வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுசாக வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசியைக் கண்ட கோழிக்கெல்லாம் போடறதாவது" என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி மட்டரகத் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. தவிட்டில் என்னவோ இருக்கிறது என்பது அங்கேதான் ஆரம்பம். அந்த 'என்னவோ'வுக்குப் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது, எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசும் வந்தது. அந்தச் சமையல்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீங்க :-)

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மனிதன் ஒரு உணவுப் பொருளைச் சுத்தம் பண்ணும்போது எதைத் தொலைக்கிறான் என்பதைக் கோழி மாதிரி சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் பிராணி குறைவு. அடுத்த ஐம்பது வருஷத்துக்கு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்காரர்கள் எலிக்கு அடுத்தபடியாக நம்பினது கோழிக்குஞ்சைத்தான்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கேயும் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் கோழி என்றால் பண்ணை வீட்டுக் கொல்லையில் மேய்கிற கோழிதான். 1923-ல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற அம்மா முட்டைக்காக ஐம்பது குஞ்சுகளுக்கு ஆர்டர் கொடுக்க, தவறுதலாக ஐந்நூறு வந்து இறங்கியது. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, கறிக்கு விற்று, லாபம் பார்த்தார். அமெரிக்கக் கறிக்கோழித் தொழிலின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். கொட்டகைக்குள் அடைத்து வளர்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது: வெயில் படாததால் கால் கோணிப்போகும். மீன் எண்ணெய் கொடுத்தால் சரியாகிறது (வைட்டமின் டி) என்று 1920-களில் தெரிந்ததும் கோழி வருஷம் முழுக்க உள்ளேயே இருக்கலாம் என்றாயிற்று.

கொட்டகைக் கோழிக்கு மேய்ச்சல் கிடையாது. மூட்டையில் இருப்பதுதான் அதற்கு உலகம். வெறும் தானியமும் புண்ணாக்கும் போட்டால் குஞ்சு சரியாக வளரவில்லை, முட்டை பொரிக்கவில்லை. அதோடு கொஞ்சம் மீன் தூளோ, இறைச்சிக் கழிவோ, கொழுப்பெடுத்த பாலின் பொடியோ சேர்த்தால் நன்றாக வளர்ந்தது. புரதத்தின் அளவைச் சமமாக வைத்தாலும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆக, மிருகத்திலிருந்து வரும் பொருளில் மட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது. என்னவென்று தெரியாததால் 'விலங்குப் புரதக் காரணி' என்று ஒரு பெயரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மீன் தூளுக்கும் பால் பொடிக்கும் தட்டுப்பாடு. அதே சமயம் எண்ணெய்க்காக சோயா மொச்சை ஏராளமாகப் பயிரானதால் சோயாப் புண்ணாக்கு மலைமலையாகக் கிடைத்தது. சோயாவைப் பச்சையாகக் கொடுத்தால் செரிக்காது, அதில் செரிமானத்தைத் தடுக்கிற ஒரு சரக்கு இருக்கிறது. சூடு பண்ணினால் அது போய்விடும். இதெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். (கடலைப் புண்ணாக்குக்கும் இப்படி ஒரு வில்லங்கக் கதை உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள் செத்துத்தான் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினைப் பற்றித் தெரியவந்தது. அது தனிப் பதிவு.) என்ன பக்குவம் பண்ணினாலும் சோயாப் புண்ணாக்கு மீன் தூளுக்கு ஈடாகவில்லை. அந்தக் 'காரணி' அதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு ருசியான துப்பு. மேரிலாந்தில் இருக்கும் பெல்ட்ஸ்வில் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில், அந்தக் காரணி மாட்டுச் சாணத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். 1946-ல் அதைப்பற்றி ஆய்வுக் கட்டுரையே வந்தது. தீவனத்தில் காய்ந்த சாணத்தைச் சேர்த்தால் குஞ்சு வளர்கிறது! எங்க ஆத்தா வளர்த்த கோழி காலையில் கூடையைத் தூக்கினதும் நேராக மாட்டுக் கொட்டகைக்கு ஓடிச் சாணத்தைக் கிளறும். புழுவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். புழுவோடு சேர்த்து வைட்டமினும் பொறுக்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம், மனிதர்களைக் கொல்லும் ஒரு ரத்தசோகை இருந்தது. அதற்கு ஈரல் தின்னால் குணம் தெரிகிறது என்று 1926-லேயே மைனாட், மர்ஃபி என்ற இரண்டு பாஸ்டன் டாக்டர்கள் காட்டியிருந்தார்கள். தினம் கால் கிலோ அரைவேக்காட்டு ஈரல் தின்பதென்றால் நோயே தேவலாம் என்று ஆகிவிடும் இல்லையா? ஈரலில் இருக்கும் அந்தச் சரக்கைத் தனியாகப் பிரித்தது 1948-ல்தான். அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் இங்கிலாந்தில் கிளாக்ஸோவும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சிவப்புப் படிகமாக எடுத்தன. அதுதான் பி12. கோழிக்காரர்கள் தேடின 'விலங்குப் புரதக் காரணி'யும் இதுதான் என்று உடனே தெரிந்துபோனது. இன்னொன்றும் தெரிந்தது. பி12-ஐ மிருகமும் தயாரிப்பதில்லை, செடியும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. சாணத்தில் இருந்தது அதனால்தான்.

ஆக, பாக்டீரியாவைப் பெரிய பெரிய தொட்டிகளில் வளர்க்கிற இடம் எதுவோ, அங்கே பி12 இருக்கணும். 1948-ல் அப்படிப்பட்ட இடம் எது? ஆன்டிபயாடிக் தொழிற்சாலை.

இங்கே நம்மூர்ச் சம்பந்தம் ஒன்று வருகிறது. நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவர் ஊரில் லெடர்லி ஆய்வுக்கூடம். அதன் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் சட்டை போட்டதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பார்கள். அவருடைய தலைமையில்தான், ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் ஊர் ஊராக மண் மாதிரி வரவழைத்துச் சோதித்து, மிசௌரிப் பல்கலைக்கழகத்து வயல் மண்ணில் ஒரு பொன்னிற நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து கிடைத்த மருந்துதான் ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1948-ல் வெளியானது. அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். நாம் பேசுகிற சம்பவம் நடந்தது அதற்கு நாலு மாதம் கழித்து.

லெடர்லியில் தாமஸ் ஜூக்ஸ் என்று ஒரு விஞ்ஞானி. கோழி ஊட்டச்சத்தில் கரை கண்டவர். (பின்னாளில் மூலக்கூறுப் பரிணாமம் பற்றி 1969-ல் கிங் என்பவரோடு சேர்ந்து ஒரு பிரபலமான கட்டுரை எழுதினாரே, அதே ஜூக்ஸ்.) ஈரல் சாறு விலை அதிகம், பி12-ஐ மலிவாக எங்கே பிடிப்பது என்று அவர் யோசித்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது ஆரியோமைசின் தொட்டிகளின் வண்டல். நுண்ணுயிரைக் கஞ்சியில் வளர்த்து, மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு அடியில் மிஞ்சுகிற சக்கை. தூர எறிய வேண்டிய சாமான். அதைக் கொஞ்சம் எடுத்து, சத்துக் குறைந்த சோயாத் தீவனம் தின்றுகொண்டிருந்த குஞ்சுகளில் ஒரு கூட்டத்துக்குக் கலந்து கொடுத்தார். மற்ற கூட்டங்களுக்கு ஈரல் சாறு உட்பட வேறு வேறு.

1948 கிறிஸ்துமஸ் அன்று ஊழியர்களுக்கு விடுமுறை. ஜூக்ஸ் தானே போய் ஒவ்வொரு குஞ்சாகத் தராசில் வைத்து எடை பார்த்தார். சக்கை தின்ற குஞ்சுகள் ஈரல் சாறு குடித்தவற்றையே எடையில் மிஞ்சியிருந்தன.

பி12 மட்டும் என்றால் ஈரல் சாறு கூட்டத்துக்குச் சமமாகத்தானே வரணும்? இந்த உபரி எடைக்கு வேறு காரணம் இருக்கணும். ஜூக்ஸும் அவருடைய சகா ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் முதலில் இன்னொரு புது வைட்டமின் என்றே நினைத்தார்கள். இது 'காரணி' இல்லை, 'காரணிகள்' என்ற அர்த்தத்தில் 1949-ல் கட்டுரை எழுதினார்கள். அந்த உபரியைக் கொடுத்தது சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆரியோமைசினின் மிச்சம்தான் என்பது பிறகுதான் உறுதியாயிற்று.

அதற்குள் சரக்கு சந்தைக்குப் போய்விட்டது! ஆராய்ச்சிக்காக மற்ற பல்கலைக்கழகங்களுக்கு மாதிரி அனுப்பப் போக, செய்தி பரவி, பண்ணைக்காரர்களும் தீவன வியாபாரிகளும் கேட்க ஆரம்பித்தார்கள். லெடர்லி அந்தச் சக்கையைக் காயவைத்து ஆரோஃபேக் என்ற பெயரில் மூட்டை கட்டி விற்றது, பி12 தருகிற தீவனப் பொருள் என்று. யோசித்துப் பாருங்க. நேற்று வரைக்கும் குப்பை, இன்றைக்கு விலைக்குப் போகிறது. வாங்குகிறவனுக்கும் அது புண்ணாக்கு, மீன் தூள் மாதிரி இன்னொரு மூட்டை. இதில் மருந்து இருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று அப்போது கேட்பதற்கு யாருக்கும் தோன்றக்கூட வழியில்லை.

1950 ஏப்ரலில் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். வளர்ச்சி ஐம்பது சதம் வரை கூடுகிறது என்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. உலகத்தின் பசி தீர்ந்துவிடும் என்கிற அளவுக்குக் கொண்டாட்டம். 1951-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை டாக்டர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதி கொடுத்தது. 1953-ல் பிரிட்டனும் சட்டம் போட்டுக் கதவைத் திறந்தது. சக்கை போய், டன்னுக்கு இத்தனை கிராம் என்று அளந்து மருந்தையே கலக்கிற காலம் வந்தாயிற்று.

எடை ஏன் கூடுகிறது? கோழியின் குடலில் இருக்கும் கிருமிகளைத் தட்டி வைப்பதால்தான். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், எடை கூடவில்லை. புதுசாகக் கட்டின சுத்தமான கொட்டகையிலும் பலன் குறைவு. பழைய, அழுக்கான, நெருக்கமான கொட்டகையில்தான் பலன் அதிகம். எனக்கு இந்தத் தகவல் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. சுத்தத்துக்குப் பதிலாக மருந்தை வைக்கலாம், இன்னும் நெருக்கி அடைக்கலாம் என்று இதற்கு அர்த்தம். தொழில் அப்படித்தான் வளர்ந்தது.

குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் பிழைத்துப் பெருகும் என்பது அன்றைக்கே தெரியாத ரகசியம் இல்லை. பென்சிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் அது மனிதன் அரைகுறையாக மருந்து சாப்பிடுவதைப் பற்றிய எச்சரிக்கை. கோழித் தீவனம் யார் கணக்கிலும் இல்லை. பிறகு ஜப்பானிய விஞ்ஞானிகள், மசியாத குணத்தை ஒரு பாக்டீரியா பக்கத்து பாக்டீரியாவுக்கு, அது வேற்று ஜாதியாக இருந்தாலும்கூட, கைமாற்றிவிட முடியும் என்று காட்டினார்கள். கோழிக் குடலில் நடப்பது கோழிக் குடலோடு நிற்காது என்று ஆகிவிட்டது. பிரிட்டனில் ஸ்வான் கமிட்டி 1969-ல், மனித வைத்தியத்துக்குத் தேவையான மருந்துகளைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்காதே என்று சொன்னது.

அமெரிக்கத் தீவன, மருந்துத் தொழில்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆதாரம் எங்கே என்றார்கள். அவர்களுடைய சங்கமே பணம் கொடுத்து ஸ்டூவர்ட் லெவி என்ற பாஸ்டன் டாக்டரை ஆராய்ச்சி பண்ணச் சொன்னது. அவர் மாசசூசெட்ஸில் ஒரு பண்ணையில் முன்னூறு குஞ்சுகளை விட்டார். பாதிக்கு வெறும் தீவனம், பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். ஒரே வாரத்தில் மருந்து தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்களில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மருந்துக்கு மசியாதவையாக மாறின. நாள் ஆக ஆக, கொடுக்காத மருந்துகளுக்கும் அவை மசியவில்லை. ஆறு மாதத்துக்குள் பண்ணை வீட்டு மனிதர்களின் மலத்திலும் அதே கதை. மருந்து தொடாத அக்கம்பக்கத்து வீட்டார் மாதிரிகளில் ஏழு சதத்தில்தான் மசியாத பாக்டீரியா மிகுந்திருந்தது. பண்ணைக்காரர்களிடம் முப்பத்தொரு சதம். 1976-ல் கட்டுரை வெளியானது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்டது என்பது இதுதான்.

அப்புறமும் சட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. 1986-ல் ஸ்வீடன், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை முதலில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நின்றது 2006 ஜனவரியில். அமெரிக்காவில், மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளுக்கு மட்டும், 2017-ல். லெவியின் கட்டுரைக்கு நாற்பத்தொரு வருஷம் கழித்து! ஜூக்ஸ் 1999-ல் இறக்கும்வரை, இதில் ஆபத்தில்லை என்றே வாதாடிக்கொண்டிருந்தார்.

நம்ம நாட்டுப் பக்கம் வந்தால், கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் ஒருகாலத்தில் ஓரங்கட்டின பழைய மருந்து. மற்ற எதற்கும் மசியாத கிருமி வந்தபோது, கடைசி அஸ்திரமாக ஐசியூ-வில் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் அது பல நாடுகளில் கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் டன் கணக்கில் போயிருந்தது. கொலிஸ்டினுக்கு மசியாத குணத்தைக் கைமாற்றிவிடும் ஒரு மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் 2015-ல் பன்றி, கோழி இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் கண்டுபிடித்து அறிவித்தார்கள். இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினை 2019 ஜூலையில் தடை செய்தார்கள்.

கழிவு என்று ஆரம்பித்த கதை கழிவாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். கோழியை அறுக்கும் ஆலையில் மிஞ்சும் இறகை அவித்து அரைத்தால் இறகுத் தூள். புரதம் நிறைய, ஆகவே அதுவும் தீவனத்துக்குப் போகும், கோழித் தீவனத்துக்கும்தான். 2012-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டு இறகுத் தூள் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் மிச்சம் இல்லாத மாதிரி ஒன்றுகூட இல்லை. சிலதில் காப்பியில் இருக்கிற காஃபீன்கூட இருந்தது.

நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. உங்கள் ஊரில் பண்ணைகள் ஆரம்பித்த காலத்தில் தீவனத்தில் என்னென்ன கலந்தார்கள், கருவாட்டுத் தூள் எங்கிருந்து வந்தது, மருந்து மூட்டை முதன்முதலில் எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.